அம்மாவின் ஃபோனில் தமிழ் பேசும் டாக்டர்: பெங்களூரில் பெரியவர்களுக்குத் துணை நிற்போருக்கு ஒரு வழிகாட்டி

திருச்சியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ கிளம்பி, பெல்லந்தூரிலோ வைட்ஃபீல்டிலோ மகன் வீட்டுப் பன்னிரண்டாவது மாடிக்கு வந்து சேரும் ஒரு பெரியவருக்குப் பக்கத்துக் கிளினிக்கில் கிடைப்பது நாலு நிமிடம். அதுவும் பாதி ஆங்கிலம், பாதி கன்னடம். இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு, கால் ஏன் வீங்குகிறது என்று கேட்க நினைத்ததெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்து ஃபோனைத் திறந்தால், வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் நல்ல தமிழில் "கால் வீங்குதா? பயப்படாதீங்கம்மா" என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பொறுமையாகப் பேசுகிறார். அவர் பேச்சு மனதில் நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

அல்சூர், ஸ்ரீராமபுரம், காக்ஸ் டவுன் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழர்களுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. அங்கே வைத்தியம் பரவும் வழி வேறு: ஏரிக்கரை நடைக் கூட்டாளிகள், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு. வழி எதுவானாலும், ஒவ்வொரு ஃபார்வர்டுக்கும் பின்னால் யாரும் பதில் சொல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் "அது பொய்" என்று மட்டும் சொன்னால், அடுத்த வாரம் வேறு ஃபார்வர்டு அதே இடத்தில் வந்து உட்காரும்.

முதல் நாள்

காலைக் காபிக்குப் பிறகு, சீரியல் இல்லாத நேரமாகப் பார்த்து முப்பது நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். அவருடைய மூக்குக் கண்ணாடி கையில் இருக்கட்டும். ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். பல நேரங்களில் அவர் செய்தியை முழுதாகப் படித்ததே இல்லை. தலைப்பையும் படத்தையும் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பார்.

ஃபோனை வாங்கி நீங்களே தட்டாதீர்கள். அவர் கையிலேயே இருக்கட்டும். "சமீபத்துல வந்ததுல உங்களுக்குப் பிடிச்ச வைத்தியம் அஞ்சு காட்டுங்க, பார்ப்போம்" என்று கேளுங்கள். காட்டும்போது முகம் சுளிக்காமல் இரண்டே கேள்வி: "இதை யாரு அனுப்பினாங்க? இதுல எதைச் செஞ்சு பார்த்தீங்க?" இரண்டாவது கேள்விக்கான பதிலைக் கவனமாகக் கேளுங்கள். சிலர் மூன்று மாதமாக ஏதோ ஒரு பொடியைச் சாப்பிட்டு வருவது அப்போதுதான் வெளியே வரும்.

அந்த ஐந்தையும் மனதுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதகமில்லாதது: காலையில் வெந்நீர், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், நன்னாரி. பணத்தைத் தின்பது: ஆறாயிரம் ரூபாய் மூட்டுவலிப் பொடி, காந்தப் படுக்கை. உடம்பைத் தொடுவது: மாத்திரையை நிறுத்தச் சொல்வது, ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்பது, புதிதாக ஒன்றைத் தினமும் உள்ளே தள்ளச் சொல்வது.

முதல் வகையை விட்டுவிடுங்கள். புதிதாக உதவ வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் மறுக்கப் பார்ப்பது. நன்னாரிக்குச் சண்டை போட்டவரின் பேச்சு இன்சுலின் விஷயத்தில் எடுபடாது.

எவை உடனே நிறுத்தப்பட வேண்டியவை

"பக்கவாதம் வந்தால் பத்து விரலிலும் ஊசியால் குத்தி ரத்தம் வரவையுங்கள்." இது பல வருடமாகச் சுற்றும் செய்தி. பக்கவாதத்தில் மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுகிறது அல்லது வெடிக்கிறது. விரலில் குத்துவதால் அங்கே எதுவும் மாறாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். விரலைக் குத்திக்கொண்டிருக்கும் நேரமும் அந்த நாலரை மணியில்தான் கழிகிறது. வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். ஓசூர் ரோட்டில் மூளை, நரம்பு சிகிச்சைக்கான நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருப்பது பலருக்குத் தெரியும், ஆனால் வைட்ஃபீல்டிலிருந்து மாலை ஆறு மணிக்கு அங்கே போவது என்ன பாடு என்பதும் தெரியும். ஆகவே இருபத்துநாலு மணி நேரமும் சிடி ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள ஆஸ்பத்திரி உங்கள் வீட்டுப் பக்கம் எது என்று இன்றைக்கே விசாரித்து, பெயரை ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

"மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள்." ஆஸ்பத்திரியில், இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே, சில வகைத் துடிப்புக் கோளாறுகளுக்கு மருத்துவர்கள் நோயாளியை இருமச் சொல்வது உண்டு. அந்த விவரம் எப்படியோ வெளியே வந்து வீட்டு வைத்தியமாகிவிட்டது. வீட்டில் தனியாக இருப்பவர் இருமிக்கொண்டு உட்கார்ந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் நேரம் போகும், அவ்வளவுதான்.

"ஒரே வாரத்தில் சர்க்கரை நார்மல், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்." இங்கே ஒரு சின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். ஹெச்பிஏ1சி பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. ஒரு வாரத்தில் அது தலைகீழாக மாறியதாக வீடியோவில் ரிப்போர்ட் காட்டினால், ரிப்போர்ட்டே சந்தேகத்துக்குரியது. இந்தக் கணக்கு பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மறுநாள் நடைக் கூட்டத்தில் அவர்களே சொல்வார்கள். பிபி மாத்திரைகளிலும் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட எகிறும்.

சர்க்கரைப் பொடி, மூட்டுவலிப் பொடி என்று பெயர் தெரியாத டப்பாவில் வருவனவற்றில் அலோபதி மாத்திரைகளும் ஸ்டீராய்டும் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது பரிசோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். "சாப்பிட்ட மூணாம் நாளே வலி போச்சு" என்பது நல்ல செய்தியாகத் தோன்றும். ஸ்டீராய்டு செய்வதும் அதையேதான். முகம் உப்புவது, சர்க்கரையும் பிபியும் ஏறுவது அடுத்து வரும். கவனம்: மாதக்கணக்கில் அப்படி ஒரு பொடியைச் சாப்பிட்டவரை அன்றே நிறுத்தச் சொல்லாதீர்கள். ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. டப்பாவோடு அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

இயற்கையான பொருள், அதனால் தீங்கில்லை என்ற எண்ணம்தான் பேச்சில் அதிகம் இடறும். உதாரணங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுரைக்காய்ச் சாறு கசந்தால் அதில் குக்கர்பிட்டசின் என்ற நச்சு அதிகம். ரத்த வாந்தி, அழுத்தம் இறங்குதல், மரணம்வரை போயிருக்கிறது. கசப்பான சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் சொல்லியிருக்கிறது. ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துக் கசந்தால் குப்பைக்கு. இளநீரும் "குறைந்த சோடியம்" உப்பும் பொட்டாசியம் நிறைந்தவை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். இந்துப்புக்கு மாறினால் பிபி குறையும் என்பதும் தவறு. அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அயோடினும் பெரும்பாலும் இருக்காது. எந்த உப்பானாலும் நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து.

எலுமிச்சை வெந்நீர் ரத்தத்தைக் காரமாக்கிப் புற்றுநோயைக் கொல்லும் என்பதற்கு ஒரு வரி போதும்: ரத்தத்தின் அமில-கார அளவான பிஹெச்சை 7.35க்கும் 7.45க்கும் இடையில் உடம்பே பிடித்து வைத்திருக்கிறது, எலுமிச்சை அதை அசைக்காது.

எப்படிப் பேசுவது

"இதையெல்லாம் நம்புவீங்களாப்பா?" என்று தொடங்கினால் அத்தோடு சரி. நாற்பது வருடம் குடும்பத்தை நடத்தியவருக்கு அது அவமானம். அடுத்த முறை பொடியை உங்களிடம் காட்டமாட்டார், அலமாரியில் ஒளிப்பார்.

வேலை செய்யும் வரிசை இது. முதலில் அக்கறையை ஒத்துக்கொள்ளுங்கள்: "எல்லாருக்கும் நல்லதுன்னுதான் அனுப்பியிருக்கீங்க." பிறகு சரியான தகவல்: "வாய் கோணினா நேரம்தான் முக்கியம். உடனே 108." அதன்பின் ஒரே ஒரு முறை பொய்யைத் தொடுங்கள்: "ஊசி குத்துறதுல நேரம் போயிடும்." மறுபடியும் சரியான தகவலில் முடியுங்கள். பொய்யையே பத்து முறை சொல்லி மறுத்தால், ஒரு மாதம் கழித்து மறுப்பு மறந்துபோய்ப் பொய் மட்டும் பழக்கமானதாக நினைவில் நிற்கும். எத்தனை முறை காதில் விழுந்ததோ அத்தனைக்கு உண்மை போலத் தோன்றுவது எல்லா வயதினருக்கும் உள்ள பலவீனம்.

குடும்பக் குழுவில் மாமா போட்ட செய்திக்கு அந்தக் குழுவிலேயே மறுப்பு போடாதீர்கள். தனியாக ஒரு குரல்பதிவு, முப்பது விநாடி. "மாமா, நீங்க போட்டதைப் பார்த்தேன். டாக்டர்கிட்ட கேட்டதுல இப்படிச் சொன்னாங்க. குரூப்ல நீங்களே சொன்னா எல்லாரும் கேப்பாங்க." திருத்தும் பெருமையும் அவருக்கே போகட்டும். நாளைக்கு எதை அனுப்புவதற்கு முன்னாலும் அவர் உங்களைக் கேட்பதற்கு வாய்ப்பு இதில்தான் அதிகம்.

சித்த வைத்தியத்தையோ ஆயுர்வேதத்தையோ மொத்தமாகக் கிண்டல் செய்வதும் வேண்டாம். "பி.எஸ்.எம்.எஸ். படிச்சுப் பதிவு பண்ணின சித்த டாக்டரை நேர்ல போய்ப் பார்ப்போம், உங்க மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கிட்டு" என்றால் பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். யூடியூபில் தெரியாதவர் சொல்வதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே போனதும் அவர்களுக்கே தெரியும்: அவர் நாடி பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார்.

மூன்று கேள்விகள்

நினைவில் நிற்கும் அளவுக்கு மூன்றே போதும். கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

யார் சொல்கிறார்?
எதை விற்கிறார்?
எதை நிறுத்தச் சொல்கிறார்?

முதல் கேள்விக்கு, அனுப்பியவரும் எழுதியவரும் ஒருவர் அல்ல என்பதைப் புரியவைப்பதுதான் சிரமம். "நம்ம ரவி அனுப்பினான், அவன் இன்ஜினியராச்சே" என்பார்கள். வாட்ஸ்அப்பில் செய்தியின் மேலே இருக்கும் இரட்டை அம்புக்குறியைக் காட்டுங்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்திக்கு அந்தக் குறி விழும். 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். ஆனால் யாராவது செய்தியை நகலெடுத்து ஒட்டி அனுப்பினால் குறி மறைந்துவிடும். குறி இல்லை, அதனால் உண்மை என்று அவர் முடிவு கட்டக்கூடாது.

பெயர் சொல்லும் டாக்டர் என்றால் பதிவு எண் கேளுங்கள். தொலைமருத்துவத்துக்கான 2020 மத்திய அரசு நெறிமுறை, மருத்துவர் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும் என்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

பிரபல மருத்துவரின் முகமே பேசினாலும் நம்பத் தேவையில்லை. பெங்களூரின் தேவி ஷெட்டி, குருகிராமின் நரேஷ் ட்ரெஹான் ஆகிய இதய மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் செயற்கையாக உருவாக்கி மருந்து விற்ற வீடியோக்கள் பிடிபட்டிருக்கின்றன. உதடும் சொல்லும் ஒட்டாமல் இருக்கிறதா, பல்வரிசை மங்குகிறதா என்று பார்க்கச் சொல்லலாம்தான். ஆனால் நுட்பம் மேம்பட மேம்பட இந்தத் தடயங்கள் மறைகின்றன, கண்புரை உள்ளவருக்கு இந்தச் சோதனை பயனும் இல்லை. இரண்டாவது கேள்விதான் இங்கே காப்பாற்றும். கீழே "ஆர்டர் செய்ய" என்று லிங்க் இருந்தால் கதை முடிந்தது.

அதற்குச் சட்டமும் துணை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம், சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம், கண்புரை உள்ளிட்ட 54 நிலைமைகளுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. "அடியோடு குணமாகும்" என்ற விளம்பரமே குற்றம் என்று சொன்னால், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்றும் 14 இலக்க எண்ணும் இருந்தால் அது உணவுப்பொருள் உரிமம். நோயைத் தீர்க்கும் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

தேடிப் பார்க்கும்போது

மைக்கை அழுத்தித் தமிழிலேயே பேசித் தேடப் பழக்குங்கள். இதில் ஒரு குழி உண்டு. "சுரைக்காய் சாறு நன்மைகள்" என்று தேடினால் நன்மைகள் மட்டுமே வரும். "சுரைக்காய் சாறு பாதிப்பு", "இளநீர் சிறுநீரக நோய்" என்று எதிர்ப்பக்கமாகவும் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். யூ டர்ன், நியூஸ்செக்கர் தமிழ், ஃபேக்ட் கிரெசண்டோ தமிழ் ஆகியவை தமிழில் சரிபார்ப்புகளை வெளியிடுகின்றன. பழைய ஃபார்வர்டுகளில் பலவற்றுக்குப் பதில் அங்கேயே இருக்கும். படமென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடலாம்.

செயற்கை வீடியோ என்று சந்தேகம் வந்தால் டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட்டின் வாட்ஸ்அப் எண் 9999025044க்கு அனுப்பலாம், தமிழிலும் பதில் உண்டு. மத்திய அரசின் பெயரில் வரும் அறிவிப்பென்றால் மத்திய அரசின் செய்திப் பிரிவு நடத்தும் பிஐபி ஃபேக்ட் செக், 8799711259. அரசுத் திட்டம் சம்பந்தப்படாத வைத்தியக் குறிப்பை அங்கே அனுப்பிப் பயனில்லை. இரண்டையும் அவர் ஃபோனில் "செய்தி சரியா 1, 2" என்று சேமித்து வையுங்கள்.

ஃபோனில் இருபது நிமிட வேலை

1. வாட்ஸ்அப் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ்: "மை காண்டாக்ட்ஸ்" என்று மாற்றுங்கள். தெரியாதவர்கள் மூலிகைக் குழுவில் சேர்ப்பது நிற்கும்.

2. ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் தானாக வீடியோ இறங்குவதை அணையுங்கள். காலரியில் வந்து கிடக்கும் வீடியோவை அடுத்தவருக்கு அனுப்பும் பழக்கம் பாதியாகக் குறையும்.

3. யூடியூபில் அந்த வைத்திய வீடியோ பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பார்த்த வரலாற்றை அழியுங்கள், ஆட்டோபிளேயை அணையுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு விட்டால் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடும். அன்றைக்கே அவர் விரும்பும் கச்சேரி, கோவில் வீடியோ, சமையல் என்று பத்துப் பதினைந்தைப் பார்க்க வையுங்கள்.

அவருக்குச் சொல்லாமல் எதையும் மாற்றாதீர்கள். "என் ஃபோன்ல ஏதோ போயிடுச்சு" என்ற பதற்றம் வந்தால் அடுத்த தடவை ஃபோனைத் தரமாட்டார்.

கேள்விக்குப் பதில் வாங்கிக் கொடுப்பது

தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்விக்கு வருவோம். டாக்டரைப் பார்க்கப் போகும் முன்தினம், அவர் கேட்க விரும்பும் மூன்று கேள்விகளைத் தமிழில் அவரே சொல்ல, நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். அதே தாளில் எல்லா மாத்திரைகளும், பொடிகளும், கஷாயங்களும், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று. டாக்டர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால் நாலு நிமிடம் போதும். அவர் சொல்லும் பதிலை அனுமதி கேட்டுக் குரல்பதிவாக எடுத்து, வீட்டில் தமிழில் திரும்பச் சொல்லுங்கள்.

தமிழ் பேசும் மருத்துவர் பெங்களூரில் கிடைக்காதவர் அல்ல, சற்று விசாரித்தால் போதும். ஊரில் இருபது வருடமாகப் பார்த்த டாக்டரோடு மாதம் ஒருமுறை வீடியோவில் பேச வைப்பதும் நல்ல வழி. அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவம் இலவசம். சர்க்கரை, பிபி பார்த்துக்கொள்ள அருகிலிருக்கும் "நம்ம கிளினிக்" என்ற அரசு மருத்துவ மையம் போதும். கர்நாடக அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான ஆரோக்கிய சகாயவாணி 104. முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

ஏற்கெனவே நடந்துவிட்டால்

மாத்திரையை நிறுத்தியிருக்கிறார் என்று தெரிந்தால் முதலில் சர்க்கரையும் பிபியும் பாருங்கள், பிறகு டாக்டருக்கு ஃபோன். விட்ட மாத்திரைகளைச் சேர்த்து ஒரே நாளில் போடக்கூடாது. எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை டாக்டர் சொல்லட்டும். திட்டு பிறகு, அல்லது வேண்டவே வேண்டாம்.

பணம் ஏமாந்திருந்தால் இணைய மோசடிப் புகார் எண் 1930, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பிருக்கும். கூடவே வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். டப்பா, பில், பேசிய எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பொருள் வந்தும் பொய் விளம்பரம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது விளம்பரத் தரக் கவுன்சிலான ஏஎஸ்சிஐயின் வாட்ஸ்அப் 7710012345.

இரண்டு மூன்று வாரத்தில், "இது சரியா பாரு" என்று அவரே உங்களுக்கு அனுப்பத் தொடங்குவார். அலுவலக நடுவில் வரும், ஒரே நாளில் ஏழு வரும். அன்றைக்குள் ஒரு வரியாவது பதில் போடுங்கள், "சாயங்காலம் பார்த்துச் சொல்றேன், அதுவரை யாருக்கும் அனுப்பாதீங்கம்மா" என்றாவது. ராத்திரிவரை பதில் வராவிட்டால் அந்த ஏழும் நடைக் குழுவுக்குப் போய்விடும்.